நாற்காலியின் ஓட்டு

க்ளெண்டா பாக்லிங்டன் தலைமை தாங்கினால் சால்ட்டர்பியில் எந்தக் கூட்டமும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். பேச வந்தவர்கள் பேசிவிட்டு உட்காருவார்கள். உட்கார மறுப்பவர்களை அவள் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். அதுவே போதும்.

இந்தப் பார்வையை அவள் பழகியது பஸ் டிப்போவில். பள்ளி முடித்த கையோடு அங்கே போய்ச் சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை ஓட்டுநர்களுக்கு வேலை நேரம் பிரித்துக் கொடுத்தாள். கிறிஸ்துமஸ் அன்று யார் வண்டி ஓட்டுவது என்று மேஜையைக் குத்திக் கத்தும் ஆண்களுக்கு நடுவே அவள் ஒன்றைத் தெரிந்துகொண்டாள். உனக்கு யாரைப் பிடிக்கும் என்று வெளியே தெரிந்த நாளோடு உன் வேலை முடிந்தது.

ஊர் மன்றத்தின் தலைமை அவளிடம் வந்த கதையை இன்றும் மதுக்கடையில் சொல்வார்கள். பழைய தலைவர் பரிசுச் சீட்டு குலுக்கிக்கொண்டிருக்கும்போதே மாரடைத்துச் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிச் சென்றபின், சிதறிய சீட்டுகளைப் பொறுக்கி, மீதிக் குலுக்கலை முடித்துக் கொடுத்தவள் க்ளெண்டா. அடுத்த கூட்டத்தில் அவளைத் தவிர வேறு பெயரை யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே நாற்காலி. வேறெதுவும் அவள் ஆசைப்பட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பதினாறில் ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் இருப்பதா, வெளியேறுவதா? க்ளெண்டா எந்தப் பக்கம் என்பது ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அது அவள் கணவன் ட்ரெவர். முட்டைக்கோஸ் லாரி ஓட்டி ஓய்ந்தவன்.

"நீயும் வெளியேறணும்னுதானே சொல்றே? அப்ப ஜன்னல்ல ஒரு அட்டை ஒட்டினா என்ன?"

"ஒட்டு. உன் கராஜ்ல ஒட்டு. வீட்டு ஜன்னல்ல வேணாம்."

"ஏன், வீட்டு ஜன்னல் ஐரோப்பாவுக்குச் சொந்தமா?"

"எனக்குச் சொந்தம்."

அவள் காரணம் எளியது. சட்டம் போடுகிறவனை ஒரு மன்றத்தில் கூடி, கை தூக்கி, வீட்டுக்கு அனுப்ப முடிய வேண்டும். முடியாத இடத்தில் தன் நாடு இருக்க வேண்டாம். இதை அவள் சமையலறைக்கு வெளியே சொன்னதில்லை.

நாடு முழுக்க நடக்கவிருந்த ஓட்டெடுப்புக்கு முந்தைய வாரம் மன்றத்தில் விவாதம் வைத்தார்கள். வெளியே மழை. நனைந்த கோட்டுகளின் நாற்றம் உள்ளே அடைத்துக்கொண்டது. மலர்க் கண்காட்சிக்கு எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். வெளியேறச் சொல்லிப் பேசியவர் க்ளைவ் ஸ்டப்பின்ஸ், கேரவன் வண்டி விற்பவர். ஒன்றியத்துக்கு வாரா வாரம் நாம் கட்டுவதாக அவர் ஒரு பெரிய தொகையைச் சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றார். இருக்கச் சொல்லிப் பேசியவர் நகரத்துக் கல்லூரியிலிருந்து வந்த டாக்டர் ரோசலிண்ட் ஏம்ஸ். வெளியேறினால் அடுத்த மாதமே கடைகளில் ஒன்றும் கிடைக்காது என்று, மக்குப் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லித் தருவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டு பேச்சும் க்ளெண்டாவுக்குக் குமட்டியது. முகத்தில் காட்டவில்லை.

அதைவிடக் குமட்டியது கூட்டம். அவள் அம்மா இறந்தபோது வீடு கொள்ளாமல் சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்த அதே முகங்கள்.

"துரோகி!" என்று ஒரு பெரியவர் பள்ளி ஆசிரியையைப் பார்த்துக் கத்தினார்.

"நாளைக்குச் சாகப்போற கெழவனுக்கு எதுக்குய்யா ஓட்டு?" என்று ஆசிரியையின் மகன் திருப்பிக் கத்தினான்.

தலைவர் மேஜையை ஒட்டி, தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் டைவா நின்றிருந்தாள். ஒன்றியத்து நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களில் ஒருத்தி, லிதுவேனியாக்காரி, காய்கறி பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை. "வந்து குவிஞ்சிட்டாங்க, நம்ம ஊர் நாறிப்போச்சு" என்று மைக்கில் முழங்கிவிட்டு வந்த க்ளைவ், அவள் நீட்டிய தட்டிலிருந்து மூன்றாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

"உன்னைச் சொல்லல கண்ணு. நீ நல்ல பொண்ணு."

"பின்ன யாரைச் சொன்னீங்க?" என்றாள் டைவா.

க்ளைவ் சிரித்தார். பிஸ்கட் தூளும் எச்சிலும் தலைவர் மேஜைமேல் தெறித்தன. க்ளெண்டா ஒரு காகிதக் கைக்குட்டையை அதன்மேல் போட்டு மூடினாள். "திரு. ஸ்டப்பின்ஸ், உங்க நேரம் முடிஞ்சது" என்றாள்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் எண்ணினார்கள். சந்தேகப்பட்டு இடம் மாறி மறுபடி எண்ணினார்கள். சரிசமம்.

இங்கேதான் அவள் சமம் என்று அறிவித்துவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அது வெறும் ஊர்க் கைதூக்கல். எந்தச் சட்டமும் அதனால் மாறப்போவதில்லை. ஆனால் மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கைகள் சமமானால் தலைவரின் நாற்காலி ஓட்டுப் போடும். போடுகிற அந்த ஓட்டு எப்போதும், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கே. மாற்றம் வேண்டும் என்று பாதிக்கு மேல் சொல்லாதபோது மாற்றுவதற்கு நாற்காலிக்கு உரிமை இல்லை. மலர்க் கண்காட்சியின் கிழமையை மாற்றும் விஷயத்தில் அவள் இப்படித்தான் தன் விருப்பத்துக்கு எதிராகவே போட்டாள். அன்று எல்லாரும் கைதட்டினார்கள்.

"கைகள் சமம். நாற்காலியோட ஓட்டு, வழக்கப்படி, இருப்பதற்கு. ஒன்றியத்துல இருக்கணும்னு இந்தக் கூட்டம் முடிவு பண்ணியிருக்கு."

கூரை பிய்ந்துவிடும்போல் இரைச்சல்.

"வேஷக்காரி!"

"எவ்வளவு வாங்கின, தலைவரம்மா?"

"முப்பது வருஷமா ஏமாத்தியிருக்கா பாரு!"

ரோசலிண்ட் ஏம்ஸ் மேடையேறி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். வாசனைத் திரவியம் மூக்கில் ஏறியது. "இந்தப் படிக்காத கும்பலுக்கு நடுவுல நீங்க ஒருத்தர்! நம்ம ஆள்னு எனக்கு வந்ததுமே தெரிஞ்சுபோச்சு."

க்ளெண்டா அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "நான் யாரோட ஆளும் இல்லைங்க. உங்க குடை அந்த மூலையில இருக்கு."

காரில் ஏறியதும் ட்ரெவர் வெடித்தான்.

"சமம்னு சொல்லிட்டு விட வேண்டியதுதானே!"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே."

"அது நிஜ ஓட்டே இல்ல, க்ளெண்டா!"

"கூட்டம் நிஜம்தானே."

வட்டாரப் பத்திரிகை அவள் படத்தைப் போட்டு, சால்ட்டர்பி ஒன்றியத்தில் இருக்கச் சொல்கிறது என்று எழுதியது. பத்திரிகை வந்த மறுநாள் காலை கதவின் தபால் துளை வழியாக யாரோ அழுகிய முட்டைக்கோஸைக் கூழாக்கித் திணித்திருந்தார்கள். மிதியடியில் பச்சையும் கறுப்புமாக வழிந்து கிடந்தது. அதையே வருஷக்கணக்கில் லாரியில் ஏற்றியவன் ட்ரெவர், அவனுக்கே வாந்தி வந்தது. அவள் கையுறை மாட்டிக்கொண்டு அள்ளினாள். வழித்து வாளியில் கொட்டும்போது, இதை அரைத்தவர் தன் சமையலறையில்தான் நின்று அரைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வாளியைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

மத்தியானம் 'இருக்கச் சொல்லும்' அணியிலிருந்து ரோஜாக்கள் வந்தன. 'எங்கள் வீராங்கனைக்கு' என்று அட்டை. அவள் அவற்றையும் அதே குப்பைத் தொட்டியில் போட்டு மூடினாள்.

ஓட்டு நாளன்று அவள் வெளியேறுவதற்கே குறியிட்டாள். மனம் மாறவில்லை. அந்தப் பக்கம் ஜெயித்தது, சால்ட்டர்பியில் அமோகமாக. ஜெயித்தவர்கள் இனி அடங்கிவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். அடங்கவில்லை. ஒன்றியம் தூரத்தில் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் க்ளெண்டா.

மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பதவிக்கு க்ளைவ் நின்றார். எதிர் அணி, கேட்காமலே, க்ளெண்டாவைத் தங்கள் வேட்பாளர் என்று சொல்லித் திரிந்தது.

"ஒரே ஒரு வரி. நானும் வெளியேறத்தான் போட்டேன்னு சொல்லு. நாற்காலி உனக்குத்தான்" என்றான் ட்ரெவர், கோட்டு மாட்டிக்கொண்டே.

"சொன்னா, இதுவரைக்கும் நான் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் தோண்டுவாங்க. இதுல அவ மனசு என்ன, அதுல என்னன்னு. அப்புறம் அந்த நாற்காலில யார் உக்காந்தா என்ன?"

"சொல்லாட்டி க்ளைவ் உக்காருவான்!"

"தெரியும்."

புதிய தலைவர் வரும்வரை பழையவரே கூட்டத்தை நடத்துவது முறை. க்ளெண்டா இரண்டு பெயர்களையும் ஒரே குரலில் வாசித்தாள். பேச விரும்புவோர் உண்டா என்று கேட்டாள். பின் வரிசையில் ட்ரெவர் எழுந்தான். முகம் சிவந்திருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும். என் பெண்டாட்டி..."

"எந்த உறுப்பினரைப் பத்திப் பேசறீங்க, திரு. பாக்லிங்டன்?"

"உன்னைப் பத்தித்தான்! அன்னிக்கு ஓட்டுச் சாவடில நீ..."

"ஓட்டுச் சாவடி விஷயம் இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல. உக்காருங்க, திரு. பாக்லிங்டன்."

சிலர் சிரித்தார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அவன் உட்கார்ந்தான்.

கைகள் எழுந்தன. மறுபடி எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "திரு. க்ளைவ் ஸ்டப்பின்ஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று அறிவித்துவிட்டு அவள் எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

க்ளைவ் உட்கார்ந்தார். அவர் கேரவன் விற்பனையில் தொடங்கி எங்கெங்கோ போய் வருவதற்குள் தேநீர் ஆறி ஆடை கட்டியது. கூட்டம் கலைந்தபோது அவள் தோளைத் தட்டினார்.

"மனசுல வெச்சுக்காத. ஆமா, இந்த நாற்காலியெல்லாம் நீதானே எப்பவும் அடுக்குவே? அடுக்கிட்டு, அப்படியே கப்பையும் கழுவி வெச்சிட்டுப் போயிடேன், கண்ணு."

அவர் கை பட்ட தோளை அவள் விரல் நுனியால் துடைத்துவிட்டுக்கொண்டாள். பின்னால் ட்ரெவர் பழக்க தோஷத்தில் நான்கு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிவிட்டிருந்தான்.

"கீழ வெய்" என்றாள் க்ளெண்டா. "உக்காந்தவங்க தூக்கட்டும்."

அவன் இறக்கி வைத்தான். இருவரும் கோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்த மன்றத்தின் நாற்றம் மூக்கில் ஏறாமலிருக்க, கார்வரை அவள் வாயால் மட்டுமே மூச்சு விட்டாள்.