வேர்க்கடலைக்கு எத்தனை பெயர்?

போன வருடம் கோடை விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கர்நாடக எல்லையோரம் உள்ள ஜூஜுவாடியில் நடந்தது இது. நானும் கணவரும் ஓசூரில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்க்கிறோம். எங்கள் ஒரே மகள் அப்போதுதான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள்.

அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. சின்ன வயதில் ஒரு துண்டு கடலை மிட்டாய் தின்று உடம்பெல்லாம் தடித்துப்போனபோது தெரிந்துகொண்டோம். இத்தனைக்கும் என் மாமனார் பர்கூர் பக்கம் வேர்க்கடலைதான் பயிர் செய்கிறார்!

கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து மகளுக்கு நூடுல்ஸ், மோமோ என்று ஒரே ஆசை. ஹைவேயில் புதிதாகத் திறந்திருந்த ஓட்டலில் தாய்லாந்து, கொரியா, சீனா என எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, அவளுடைய பிறந்தநாளுக்கு அங்கே அழைத்துப்போனோம். பரிமாறுபவரிடம் முதலிலேயே, "கடலை ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டேன். "இல்லக்கா, கடலை எதுவும் போடறதில்ல" என்றார் உறுதியாக.

சாஸ் ஊற்றிய நூடுல்ஸில் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். "அம்மா, நாக்கு அரிக்குது" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கியது. கழுத்தில் தடிப்பு ஏறியது. குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நாங்கள் வந்திருந்ததோ பைக்கில்.

பக்கத்து மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாடகைக் கார் டிரைவர் சட்டென்று எழுந்தார். "வண்டி வாசல்லயே நிக்குதும்மா. பாப்பாவத் தூக்குங்க!" கை கழுவக்கூட நிற்கவில்லை. சாஸ் ஒட்டிய எச்சில் கையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு சீரானது. "நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க" என்றார் டாக்டர். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் டிரைவர் போய்விட்டிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

கணவரின் பைக்கில் அந்தப் பரிமாறுபவரும் ஏறி வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கண் கலங்கிப்போய் நின்றார். "நமக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்கா. கன்னடத்துல கடலேன்னா கொண்டக்கடலை. நீங்க கேட்டது கடலேகாயி, வேர்க்கடலைன்னு எனக்குத் தெரியலக்கா. சாஸ்ல அதான் அரைச்சுப் போடறாங்க." அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் சரியாகத்தான் கேட்டேன், அவரும் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். மகள் வெளியே எதையும் தொடுவதில்லை என்று ஆகிவிட்டது. தோழி வீட்டு விசேஷத்தில்கூட தண்ணீர் பாட்டிலோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பயத்தோடு இவள் வளரக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் வீட்டில் தொடங்கினேன். அரிசி நூடுல்ஸ் வாங்கி, வெள்ளை எள்ளை வறுத்து அரைத்து, புளியும் வெல்லமும் சேர்த்துச் சாஸ் செய்தேன். முதல் தடவை கூழாகிப்போனது, அடுத்த தடவை ஒரே உப்பு. அதன் பிறகு ஒருநாள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்காம்மா?" என்றாள். அன்று நான் அழுதுவிட்டேன்.

அப்புறம் டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன மருந்தையும் பையில் வைத்துக்கொண்டு, அதே ஓட்டலுக்கு அவளைக் கூட்டிப்போனேன். வேறு கடைக்குப் போகலாமே என்றார் கணவர். அந்த வாசலைத் தாண்டினால்தான் அவளுக்குப் பயம் போகும் என்று எனக்குப் பட்டது. கூட்டம் வருவதற்கு முன்பே போய், சமைப்பவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் அசாமிலிருந்து வந்த ஒரு பெண்.

"நீயே கேளு" என்று மகளிடம் சொன்னேன். அவள் போனில் வேர்க்கடலைப் படத்தைக் காட்டி, "அக்கா, இது எனக்கு ஆகாது. எதுலெல்லாம் இருக்குது?" என்று கேட்டாள். குரல் நடுங்கியது.

"ஓ, பாதாம்! எங்க ஊர்ல இது பாதாம்" என்றார் அந்தப் பெண். எங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பதறிவிட்டார். எந்தெந்தச் சாஸில் அது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "வேற சட்டி, நான் கழுவி செய்யறேன்" என்றார். "கரண்டியும் வேறக்கா" என்றாள் மகள். இப்போது குரல் நடுங்கவில்லை.

காய்கறி மோமோ வந்தது. முதல் வாயை வெகுநேரம் மென்றாள். நான் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். அத்திப்பள்ளிக்காரரும் தள்ளி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியான பிறகுதான் அவர் அடுத்த மேஜைக்குப் போனார்.

இன்று என் மகளுக்குக் கன்னடம், தெலுங்கு, இந்தி, அசாமி எல்லாவற்றிலும் வேர்க்கடலையின் பெயர் தெரியும். எந்த ஓட்டலுக்குப் போனாலும் கூச்சப்படாமல், பக்கத்து மேஜைக்கே கேட்கும்படி விசாரிக்கிறாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம், பயத்தைச் சொல்லி அவளை வீட்டோடு நிறுத்திவைக்காமல் இருந்தேனே என்று நிம்மதியாக இருக்கிறது.