கொடி பறக்கும் திசை

உப்பளம் பகுதியில் நான் வேலை பார்க்கும் கடையில் கப்பல் சண்டைப் படங்களை நகல் எடுத்துக் கொடுக்கிறோம். பிரெஞ்சுக் கப்பலும் இங்கிலீஷ் கப்பலும் பீரங்கியால் சுட்டுக்கொள்ளும் பழைய ஓவியத்தின் அச்சைப் பக்கத்தில் மாட்டிவைத்து, அதைப் பார்த்து அப்படியே கையால் தீட்டுவது. ஆறு வருஷமாக எனக்குக் கிடைத்தது புகையும் அலையும் மட்டும்தான். கப்பல்களைக் கடை நடத்தும் அக்காவே போடுவார். நானும் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஒருநாள் தொல்லை தாங்காமல், "இந்தப் படத்த முழுசா நீயே போடு. கஸ்டமர் வேணாம்னு திருப்பிட்டா மறுபடி புகைதான். அப்புறம் என் உயிர வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தில் எட்டுக் கப்பல்கள். பாய், கயிறு, பீரங்கி வாய், தண்ணீரில் விழுந்து தத்தளிக்கும் ஆட்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மாதம் வரைந்தேன். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. கப்பல் எல்லாம் வலப்பக்கம் போகிறது, கொடிகளும் வலப்பக்கமே பறக்கின்றன. அதெப்படி? நான் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் கொடியைப் பார்க்காதவளா? தேர்தல் வந்தால் எங்கள் தெருவில் கட்சிக்கொடி கட்டாத பைக் கிடையாது. வண்டி முன்னால் போனால் கொடி பின்னால்தான் பறக்கும். பாவம், அந்தக் காலத்து ஓவியர் அசந்துவிட்டார் என்று முடிவுகட்டி, எல்லாக் கொடிகளையும் இடப்பக்கம் திருப்பிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

படத்தைக் கேட்டிருந்தவர் பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர். பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி எங்களுக்கு அவர் முசியே. அக்கா ஊரிலிருந்து திரும்பிய அன்றே வந்துவிட்டார். அச்சைப் பார்த்தார், என் படத்தைப் பார்த்தார், மறுபடி அச்சைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. கொடி மட்டும் மாறியிருக்கே?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்கு அது வராது. "அதுல தப்பா இருந்துது முசியே. நான்தான் சரி பண்ணேன்."

அக்காவின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் குலை நடுங்குகிறது. முசியே கோபப்படவில்லை. "அதுல இருக்கிற மாதிரியே வேணும்மா. இல்லன்னா படம் வேணாம்" என்றார். அக்கா கெஞ்சி ஒரு மாதம் அவகாசம் கேட்டு வாங்கினார். முசியே படியிறங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "நகல் எடுக்கச் சொன்னா நகல் எடுக்கணும். உன்ன யாரு திருத்தச் சொன்னது? இன்னொரு வாட்டி வேணாம்னுட்டுப் போனாருன்னா கப்பல் பேச்சையே எடுக்காத."

மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் தப்பு என்னுடையது இல்லை என்று வீட்டில் குதித்தேன். என் பேச்சை நிரூபித்தே தீருவேன் என்று ஞாயிற்றுக்கிழமை கணவரை நோணாங்குப்பம் படகுத் துறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். படகு கிளம்பி வேகம் பிடித்ததும் அதில் கட்டியிருந்த சின்னக் கொடி படபடவென்று பின்னால் அடித்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"பாத்தேன் தாயே. அந்த ஓவியர் மேல கேஸ் போட்டுடலாம்" என்றார் கணவர்.

படகு ஓட்டுகிறவர் என்ன சண்டை என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, இது மோட்டாரு. பாய் கட்டின கப்பலுக்கு மோட்டாரு ஏது?" என்று எஞ்சினை நிறுத்தினார். படகு மெல்ல வேகம் குறைந்தது. கொடி தொங்கிப்போனது. எங்கள் முதுகுப் பக்கமிருந்து காற்று வந்தது. கொடி தயங்கித் தயங்கித் திரும்பி, முன்பக்கம் பார்த்துப் பறக்க ஆரம்பித்தது.

"காத்துதான அந்தக் கப்பல தள்ளிக்கினு போவுது? காத்து போற பக்கந்தான கொடியும் போவும்?"

அடக் கடவுளே! என் படத்தில் பாய்கள் வலப்பக்கம் புடைத்திருந்தன, கொடிகள் இடப்பக்கம் பறந்தன. ஒரே கடலில் இரண்டு காற்று வீசவிட்டிருந்தேன்.

"மூக்கு உடைஞ்சுதா?" என்றார் கணவர்.

"உடைஞ்சுது, போங்க" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கொடிகளை வானத்தின் நிறத்தால் மூடி, நன்றாகக் காயவிட்டு, பாய்களின் புடைப்பைப் பார்த்துப் பார்த்து மறுபடி போட்டேன். முதல் தடவை கண் வரைந்தது. இந்தத் தடவை காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வரைந்தேன். அந்த வேலை அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சொன்னபடி முசியே வந்தார். ஒவ்வொரு கொடியாக விரல் வைத்துப் பார்த்தார். அக்கா என் பக்கமே திரும்பவில்லை.

"இப்ப சரியா இருக்கு" என்றார்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "அன்னிக்கு நான் பேசினது தப்பு முசியே. காத்துதான் கப்பல தள்ளுது, அதனாலதான் கொடி முன்னால பறக்குது. கப்பல்லயே இருந்த உங்ககிட்ட போய் வாயாடிட்டேன்."

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "நான் எங்கம்மா கொடிய பாத்தேன்? பென்ஷன் வர்ற வரைக்கும் கப்பலோட அடித்தட்டுல சமையல் பண்ணிக்கிட்டிருந்தேன். ரெண்டு படமும் வேற வேறயா இருந்துது, அதான் கேட்டேன். ஏன்னு இப்பதான் தெரியுது. இன்னொரு வாட்டி சொல்லு."

பாய், காற்று, கொடி என்று மறுபடி கையால் காட்டிச் சொன்னேன். வாசலில் படத்தை ஏற்றிய ஆட்டோக்காரரிடம் முசியே அதையே தன் அனுபவம்போல் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. அக்கா உள்ளே போய் அடுத்த படத்துக்கான கேன்வாஸை எடுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"கப்பல நீ போடு. புகைய நான் போட்டுக்கிறேன்."