கேட் வழியா போகாத ஆயிஷாக்கா

மலையூரான கொட்டச்சேட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஆயிஷாக்கா யாரையும் லேசில் நம்ப மாட்டார். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்தவன் மூஞ்சியையும் ஒருமுறை பார்ப்பார்.

கடைக்குப் பின்னாடி அவருக்குக் கொஞ்சம் காடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார். பக்கத்து எஸ்டேட்டை வாங்கிய வெளியூர்க்காரர் போன வருசம் சுவர் எழுப்பினார். நேராகப் போகவேண்டிய சுவர், அக்கா காட்டுக்கிட்ட வந்ததும் வளைந்து, மிளகை எல்லாம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. அளந்ததே தப்பு என்று அக்கா கேஸ் போட்டார். கேஸ் மெதுவாக நடக்கிறது. மிளகுக்கு அந்தப் பொறுமை ஏது? பழுத்துவிட்டது. இனி பறிக்காவிட்டால் உதிர்ந்துபோகும்.

எஸ்டேட் வாட்ச்மேன் சித்தன் வந்தார். கையில் கயிறு கோத்த அட்டை. 'விசிட்டர்' என்று போட்டிருந்தது.

"கேட் வழியா வந்து பறிச்சுக்கச் சொன்னாருங்க மொதலாளி. இதைக் கழுத்துல மாட்டிக்கோணும், அவ்வளவுதானுங்க."

"அவ்வளவுதானா? நொம்ப நல்லவருதான். ஏப்பா சித்தா, எங்காட்டுக்கு நானே விருந்தாளியா?"

சித்தன் பக்கத்து ஊரான வெள்ளக்கடைக்காரர், நல்ல மனுசன். ஆனால் சம்பளம் சுவருக்கு அந்தப் பக்கம்.

அன்றைக்கு மகன் தௌபீக் செல்லில் பாலஸ்தீனத்து வீடியோ ஒன்றைக் காட்டினான். ஊருக்கும் ஆலிவ் தோப்புக்கும் நடுவே சுவர். அறுவடைக்குச் சில நாள் மட்டும் பட்டாளத்துக்காரன் கேட்டைத் திறப்பானாம், அதுவும் பர்மிட் இருந்தால். போன வருசம்வரை கிடைத்த பர்மிட் இந்தமுறை கிடைக்காத ஓர் அம்மா இந்தப் பக்கம் நின்று தன் மரத்தைக் கைகாட்டினார். அக்கா அதை மறுபடி மறுபடி போடச் சொன்னார்.

"பாத்தியா? மொதல்ல குடுத்தான், அப்புறம் நிறுத்திட்டான்."

"அங்க துப்பாக்கிம்மா. இங்க சித்தண்ணன்கிட்ட விசில்கூடக் கெடையாது."

"இப்போதைக்கு," என்றார் அக்கா.

மறுநாள் காலை, மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைச் சுவரில் சாத்தி ஏறிவிட்டார். அந்தப் பக்கம் சித்தன் ஓடிவந்தார்.

"ஏனுங்க்கா, கேட் தொறந்துதானுங்க கெடக்குது!"

"கெடக்கட்டும்."

"உழுந்துருவீங்க. ஸ்டூல் போடட்டுங்களா?"

"திருப்பிக் காட்டு. அடியில விசிட்டர்னு ஏதாச்சும் எழுதியிருக்கா?"

ஒன்றும் எழுதியில்லை. இருந்தாலும் அக்கா அதில் கால் வைக்கவில்லை. சுவர்மேல் உட்கார்ந்தபடியே ஏணியை இழுத்து அந்தப் பக்கம் இறக்கினார். வியர்த்துப்போனார். சித்தன் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார், யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

அக்கா இறங்கியதும் சித்தன் செல்லை எடுத்தார். "மொதலாளி போட்டோ கேப்பாருங்க. நான் என்னங்க பண்றது?"

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஏணியைக் கொடி ஏறிய மரத்தில் சாத்தினார்.

"நல்லாப் புடி, சித்தா. மூஞ்சி தெளிவா உழுகோணும். நாளைக்குக் கோர்ட்டுல, எங்காட்டுக்கு வந்தது நானில்ல, வேற யாரோன்னு சொல்லிரப் போறாங்க."