புதுநன்மை உடுப்பு

அடுத்த மாதம் என் மகளுக்குப் புதுநன்மை; மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தைத்து வந்த வெள்ளை உடுப்பை அவள் காணாத நேரமெல்லாம் எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். கணவர் சிரிக்கிறார். இந்தக் கதையை அவருக்கு நான் சொன்னதில்லை.

கண்டிக்குக் கீழே ரப்பர் தோட்டங்கள் உள்ள பக்கத்தில், ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆற்றைக் கண் காணுமுன் மூக்கு கண்டுவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு பெக்டரி. மேலே நல்ல தண்ணீரை எடுத்து, கீழே புளித்த தண்ணீரை விடும். ரப்பர் பாலை அமிலம் ஊற்றி உறையவைத்தபின் மிஞ்சுவது அது. எங்கள் தோட்டத்தில் அது தேங்கும் தொட்டியைச் சனிக்கிழமைதான் திறப்பார்கள். அன்றைக்குத் துணி வெளுக்கும் டோபி ஆற்றில் இறங்கமாட்டார். நாள் மாறினால் அவருக்குச் சொல்லி அனுப்புவது பெக்டரி கிளாக்கரான என் அப்பாவின் வேலை.

எனக்குப் புதுநன்மை வந்த வாரம் வியாழக்கிழமையே தொட்டியைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் வெளுத்து வந்த என் உடுப்பு மஞ்சளித்து, அழுகிய பால்போல நாறியது. அதே மூட்டையில் தோட்டத்துத் துரை வீட்டு மேசைவிரிப்புகளும் இருந்தன. துரைக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

"தொட்டி தொறந்தது எனக்குத் தெரியாதுங்கம்மா. யாரும் வந்து சொல்லலீங்க" என்றார் டோபி.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"நான் ஆள் அனுப்பினேன்" என்றார் அப்பா. "நீ எங்கே குடிச்சிட்டு விழுந்து கிடந்தியோ."

டோபி குடிப்பவர்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா சொன்னா சரிதாங்க."

துரை வேலையை விட்டு நிறுத்திவிட, சனிக்கிழமை காலையில் டோபி பெண்சாதி பிள்ளைகளோடு, தலையில் தகரப் பெட்டியுமாகத் தோட்டத்தை விட்டுப் போனார். வாசலில் நின்று பார்த்தேன். என் உடுப்பைக் கெடுத்தவருக்கு அது வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வேறு உடுப்பு கிடையாது. அம்மா திரும்பத் துவைத்தும் நாற்றம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், புதுநன்மைப் பாடம் சொல்லித்தந்த சிஸ்டர் என்மேல் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் தெளித்தார். பக்கத்தில் நின்றவள், "தள்ளி நில்லுடி, ரப்பர் நாத்தம்" என்றாள். தலையைக் குனிந்தபடியே நன்மை வாங்கினேன். பின்னால் நன்மை வாங்க அம்மா வந்தாள். அப்பா வரவில்லை. கடைசி வாங்குப் பலகையில் முழங்காலில் இருந்தார்.

"புள்ளைக்கு முதல் நன்மை. நீங்க எடுக்கலியா?" என்று வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்.

"காலையில மறதியா தண்ணி குடிச்சிட்டேன்" என்றார் அப்பா.

நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் நன்மை வாங்கக் கூடாது என்பது அப்போதைய சட்டம். எனக்கு அழுகையாக வந்தது. எனக்காக ஒரு காலைப்பொழுது தாகத்தைப் பொறுக்க முடியாத அப்பா என்று வழியெல்லாம் அவரோடு பேசாமல் வந்தேன். அவரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது என்ற பாடத்தைச் சிஸ்டரிடம் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தவள் நான். அது அப்பாக்களுக்கும் உரியதென்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.