படுக்க வைத்த ராஜா

சிவப்பு மெழுகு பூசிய சிமெந்துத் தரையின் வாசம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் அப்பா வாசல் கூட்டிப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிய தோட்டத்து ஆபீஸ் "பெரிய கிளாக்கர்" ஐயா வீட்டு விறாந்தையில் அந்த வாசம்தான் அடிக்கும். அங்கேதான் செஸ் போர்ட் இருந்தது. கிளாக்கர் மகள் வசந்தி கதிரையில் உட்கார்ந்து விளையாடுவாள், நான் எதிரே நின்றுகொண்டு விளையாடுவேன். கூலி வேலைக்காரர் இருக்கிற வரிசை வீட்டு, லயத்துப் பிள்ளைக்குக் கதிரை போட மாட்டார்கள்.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிளாக்கர் ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலை பேக்டரி டீமேக்கரோடு ஆடுவதை வாசலில் நின்று பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். ஐயா தோற்கிற நேரம் வந்தால் ராணியை வைத்து எதிராளி ராஜாவுக்குச் செக், செக் என்று விடாமல் கொடுப்பார். காய்கள் ஒரே மாதிரி மூன்று தரம் வந்து நின்றால் ஆட்டம் ட்ரோ, யாருக்கும் வெற்றி தோல்வி இல்லை. "தோக்குறவன் வாயால ட்ரோ கேக்கப்படாது, போர்ட்ல கேக்கணும், அதான் மரியாதை" என்று அவர் சொல்ல, டீமேக்கரும் "ஐயாட மூளை யாருக்கு வரும்!" என்று சிரிப்பார்.

நான் அஞ்சாம் வகுப்புப் படித்த வருசம் கண்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். வசந்தி போவது முடிவாகியிருந்தது. கிளாக்கர் ஐயா என்னைப் பார்த்து, "அவகிட்ட தோக்காம இரு, ஒன்னையும் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார் போலிருக்கிறது, நான் நம்பிவிட்டேன். கண்டியை அதுவரை நான் பார்த்ததில்லை.

வசந்தியோடு ஆடிய அன்றைக்குப் பதற்றத்தில் குதிரை, யானை எல்லாம் பறிகொடுத்தேன். ராஜாவும் ராணியும்தான் மிச்சம். ஆனால் வசந்தியின் ராஜா மூலையில் வெளியாகக் கிடந்ததால் ராணியைத் தூக்கிச் செக் வைத்தேன். அவள் நகர்ந்தாள், மறுபடி வைத்தேன், அவள் பழைய இடத்துக்கே திரும்பினாள். அப்படியே இன்னொரு சுற்றும் போனது.

"அப்பா, இவள நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று அழத் தொடங்கினாள் வசந்தி.

கிளாக்கரம்மா உள்ளேயிருந்து வந்தார். "என்னடி இது, கடிக்கிற நுளம்பு மாதிரி சுத்திச் சுத்தி வர்ற? தோத்துட்டா ஒதுங்கத் தெரியாதா? லயத்துப் புத்தி!"

நான் ஐயாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும், இன்னும் ஒரே ஒரு செக் போதும். "போதும் புள்ள, இப்பிடி இழுக்கிறது மரியாதையில்ல" என்றார்.

அவர் செய்தால் மூளை, நான் செய்தால் மரியாதைக் கேடா? என் கை ராணி மேலேயே இருந்தது. அப்போது வாசலில் நின்ற அப்பா, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தோல்வியை ஒப்புக்கொள்கிறவர்கள் செய்கிற மாதிரி என் ராஜாவை எடுத்துப் போர்டில் படுக்க வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, புள்ளைக்கு வெளங்காது."

எனக்கு எல்லாம் விளங்கியது. கார் வசந்தியோடு மட்டும் போனது. அடுத்த வருசம் நான் கொழுந்துக் கூடை தூக்கினேன். "தோட்டத்துல நாம பொழைக்கணும்ல" என்றார் அப்பா.

இப்போது கண்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் போட்டிக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில், ராஜாவும் ராணியும் மட்டும் மிஞ்சிய ஒரு சிறுமி ராணியால் செக் வைத்துக்கொண்டே இருந்தாள். கதிரையில் உட்கார்ந்துதான் வைத்தாள். நடுவர் வந்து பார்த்து ட்ரோ என்று எழுதினார், இருவரும் கைகொடுத்தார்கள், ஒருவரும் அவளை ஏசவில்லை. சந்தோசப்பட வேண்டியவள்தான் நான், ஆனால் உடம்பெல்லாம் எரிந்தது.

கிளாக்கர் வீட்டின் கூரையைக்கூடக் கழற்றிவிட்டார்கள். ஐயா இல்லை, கிளாக்கரம்மா இல்லை, என் அப்பாவும் இல்லை. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, சண்டை போடவும் ஆளில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: நான் தோற்கவில்லை. அந்த ஆட்டம் ட்ரோ.