ஈயக் கொட்டிலில் வறுத்த தூள்

அன்றைக்கு அந்தக் கொட்டிலில் நின்றவர்களை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளுக்கொரு கதை வரக் கூடாது. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் அக்கா. அவளுடைய புருசன், அதாவது என் அத்தான். லண்டனிலிருந்து ஆள் மூலமாக ஒரு பெட்டி நிறையச் செத்தல் மிளகாயும் மல்லியும் எடுப்பித்த, அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற பக்கத்து ஊரில் இருந்ததால் நாங்கள் அல்பர்ட்ஸ்லுண்ட் அண்ணை என்று கூப்பிடுகிறவர். கடைசியாக உள்ளே போன நான். மொத்தம் நாலு பேர். கொட்டிலின் சொந்தக்காரரான டெனிஷ் கிழவர் வீட்டில் இல்லை.

கோப்பன்ஹேகனுக்கு வெளியே, டோஸ்ட்ருப் என்ற ஊரின் ஓரத்தில் அந்தக் கிழவருடைய வீட்டு மேல்மாடியில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஒரு கிளப் உண்டு. முன்வாயால் வெடிமருந்து கெட்டிக்கிற பழைய காலத் துவக்குகளைக் கொண்டுபோய், ஒரு கடதாசி மட்டையைச் சுட்டுவிட்டு, கேக்கும் கோப்பியும் சாப்பிட்டு வருவார்கள். அந்தத் துவக்குகளுக்கான ஈயக் குண்டுகளைத் தானே உருக்கி அச்சில் வார்ப்பார். பல வருடமாக நிலக்கீழ் அறையில், ஒரு சாண் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உருக்கியிருக்கிறார். கடைசியில் டொக்டர் அவருடைய இரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஒன்றில் ஈயத்தை விடு, இல்லையென்றால் காற்றோட்டமான இடம் ஒன்றைச் செய் என்று சொல்லிவிட்டார். கிழவர் ஈயத்தை விடவில்லை.

ஈயத்தைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்று அவர் கேட்டபோது, பேசாமல் இருந்திருக்கலாம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பற்றறிக் கடையில் வேலைக்கு நின்றவன். பழைய பற்றறியை உடைத்து ஈயத் தகட்டை உருக்குகிற வேலை. அங்கே மூத்த தொழிலாளி ஒருவர் வயிற்றுவலியில் சுருண்டு படுப்பதையும், பிறகு அவருடைய மணிக்கட்டு தொங்கிப்போனதையும் பார்த்திருக்கிறேன். அரைகுறை டெனிஷிலும் கைச் சைகையிலுமாக அதைச் சொன்னேன். அடுத்த நாளே கிழவர் என்னைத் தன் தொழில்நுட்ப ஆலோசகராக்கிவிட்டார்.

எனக்கு நித்திரை போய்விட்டது. குண்டுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவன் நான். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. பொலிசுக்காரன் வந்து எட்டிப் பார்த்தால், அமைதியாக வாழ இடம் கேட்ட ஆள் கையில் குண்டு அச்சோடு நிற்பான். கிழவர் சிரித்துவிட்டு, தன் துவக்குகளுக்கான அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். அழகான முத்திரை குத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் பயம் இன்னும் கூடிற்று. என் பெயரில் அப்படி ஒரு முத்திரை எங்கேயும் இல்லை.

ஆனாலும் தோட்டத்து மூலையில் இருந்த கொட்டிலைச் சரிப்படுத்தினோம். காற்றாடி, பன்றி வளர்ப்பை விட்டுவிட்ட ஒரு கமக்காரனிடம் வாங்கியது. நூறு பன்றிகளின் மூச்சை இழுத்துப் பழகிய காற்றாடி. போட்டால் மேசையில் இருக்கும் கடதாசியெல்லாம் எழும்பி நிற்கும். உருக்குகிற சட்டிக்கு நேர்மேலே தகரத்தில் ஒரு கூடாரம் அடித்து, அதைக் குழாயால் காற்றாடியோடு பொருத்தி, புகையை அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் கிழவரின் கீரைப் பாத்திக்கும் எட்டாத பக்கமாக வெளியே விட்டோம். வெளிக்காற்று உள்ளே வர எதிர்ச் சுவரில் துவாரம் போட்டோம். வார்க்கிறவரின் முதுகுப் பக்கத்தால் காற்று வந்து, சட்டியைக் கடந்து, வெளியே போகவேண்டும். அது அவருடைய மூக்கைத் தொடக் கூடாது. சரியாகப் போகிறதா என்று பார்க்க, அக்காவின் சாமிப் படத்தடியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துவந்து கொளுத்திப் பிடித்தேன். புகை நேரே கூடாரத்துக்குள் ஓடியது. கிழவர் தொப்பியைக் கழற்றினார். வழிபாடு ஏதோ நடக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

புகை பாதிப் பங்கு. மீதிப் பங்கு தூசு. ஈயத்துக்கு மேலே மிதக்கும் கசடு பொடியாகி மேசையில், கரண்டியில், கை ரேகையில் எல்லாம் ஒட்டும். அதைக் காற்றாடி இழுக்காது. ஆகவே உடுப்பு வேறு, செருப்பு வேறு. விளக்குமாறு போடக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அந்த ஈரம் உருகிய ஈயத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உள்ளே வரக் கூடாது. நான் சொல்லச் சொல்லக் கிழவர் ஒரு மட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினார். கடைசி வரி: இங்கே சாப்பிடுவது தடை.

இனி எங்கள் வீட்டுக் கதை. கறித்தூளுக்கு மிளகாய், மல்லி வறுக்க இடமில்லை. ஒருமுறை அக்கா மேல்மாடிக் குசினியில் மிளகாய் வறுத்தாள். கிழவர் கண்ணீர் ஓட வெளியே போய்ப் பனிக்குள் நின்றார். அதற்குப் பிறகு சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் ஒரு மஞ்சள் பொடியில்தான் கறி வைத்தோம். அது மீனுக்குப் போட்டாலும் இறைச்சிக்குப் போட்டாலும் ஆஸ்பத்திரிச் சூப் மாதிரி இருக்கும். மசக்கையில் இருந்த அக்கா அதைத் தொடவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை கோப்பன்ஹேகனில் துப்புரவு வேலை முடித்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வருகிறேன். தெருமுனையிலேயே காற்றாடிச் சத்தம். கூடவே செத்தல் மிளகாய் வாசம். கொட்டில் கதவைத் திறந்தேன். கிழவர் ஈயம் உருக்குகிற காஸ் அடுப்பில் எங்கள் பெரிய தாச்சிச் சட்டி. குண்டு வார்க்கிற மேசையில் டெனிஷ் பத்திரிகை விரித்து, வறுத்த மல்லியும் மிளகாயும் ஆறப் போட்டிருந்தது. ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அல்பர்ட்ஸ்லுண்ட் அண்ணை காற்றாடியைத் தட்டிக்கொடுத்தபடி, இப்படியொன்றைத் தன் பிளாட்டிலும் பூட்டித் தரமுடியுமா என்று என்னிடம் கேட்டார்.

கதவு மட்டையைக் கையால் காட்டினேன்.

அத்தான் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர். பரீட்சையில் என்ன வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. "சாப்பிடக் கூடாது எண்டுதானே போட்டிருக்கு, தம்பி. வறுக்கக் கூடாது எண்டு எங்க போட்டிருக்கு?"

"கர்ப்பிணியள் வரக் கூடாது எண்டும் போட்டிருக்கு, அத்தான்."

"அது ஈயம் உருக்கேக்க. இண்டைக்கு ஆர் ஈயம் உருக்கினது? இந்தக் காத்தாடி நஞ்சு முழுக்க வெளியில இழுத்துப்போடும். நீதானே பூட்டினனி, உனக்கே நம்பிக்கையில்லையோ?"

அக்கா வறுபட்ட மல்லி ஒன்றிரண்டை வாயில் போட்டு, பதம் பார்த்துக்கொண்டு நின்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு அந்த மூத்த தொழிலாளியின் தொங்கிய மணிக்கட்டுத்தான் தெரிந்தது. அப்போதுதான் அத்தானின் கையைப் பார்த்தேன். நீளமான இரும்புக் கரண்டி. கிழவர் ஈயம் மொள்ளுகிற கரண்டி.

"அகப்பை கட்டையாப் போச்சு, கை சுடுது," என்றார் அத்தான். "கழுவிப்போட்டுத்தான் எடுத்தனான்."

கழுவினாராம். அதிலும் எனக்கு இரண்டு பயம். ஈயம் கழுவப்பட்டதா என்பது ஒன்று. அந்த ஈரக் கரண்டியைக் கிழவர் வந்ததும் உருகிய ஈயத்துக்குள் விட்டால் என்ன ஆகும் என்பது மற்றது.

நான் வாழ்க்கையில் துணிந்து செய்த காரியங்களை ஒரு கையால் எண்ணலாம். பத்திரிகையை நாலு மூலையிலும் பிடித்துச் சுருட்டினேன். கசடு போடுகிற வாளியின் மூடியைத் திறந்து, மிளகாய், மல்லி, சீரகம் எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினேன். தாச்சியில் இருந்ததையும் கவிழ்த்தேன். யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி அத்தானின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக் கிண்டியும் விட்டேன்.

அக்கா அழவில்லை. "இஞ்சேருங்கோ, இவனுக்கு விசர்," என்று மட்டும் அத்தானிடம் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் கிழவர் வந்தார். வாளியைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். அக்காவின் வயிற்றைப் பார்த்தார். கரண்டியை வாங்கி ஹீட்டருக்கு மேலே காயவைத்துவிட்டு, பேனாவை எடுத்துக் கதவு மட்டையில் ஒரு வரி சேர்த்தார்: சமைப்பதும் தடை. அத்தான் அதை வாசித்துவிட்டு, இப்போதுதான் சட்டம் தெளிவாக இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை அக்காவை டொக்டரிடம் கூட்டிப்போனோம். மொழிபெயர்த்தவர் அத்தான். கரண்டியின் கதையை அவர் மொழிபெயர்க்கவில்லை என்று எனக்குச் சந்தேகம். நான் கையால் மொள்ளுவது போலவும் வாயில் போடுவது போலவும் செய்துகாட்டினேன். டொக்டர் என்னையும் ஒரு நோயாளி என்று நினைத்துக் கதிரை காட்டினார். கடைசியில் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் பொய். சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் கையை மூன்று தரம் கழுவினேன். ஒரு கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. அக்காவின் இரத்தத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. நான் வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் போய் நின்று அழுதேன்.

திரும்பி வரும்போது வீட்டில் நீதிமன்றம் கூடியிருந்தது. அல்பர்ட்ஸ்லுண்ட் அண்ணையும் வந்திருந்தார். அத்தான் டொக்டரின் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்.

"இரத்தம் நல்லாயிருக்கு. அப்ப தூளும் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார் அண்ணை. "நல்ல தூளைக் கொட்டினது ஆர்?"

அவள் தின்றது இரண்டு மல்லி, அந்தத் தூளை ஆறு மாதம் தின்றிருந்தால் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு இரசாயனம் அந்தச் சபையில் எடுபடவில்லை. அக்கா மட்டும் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டபடி, "கொட்டினது கொட்டினதுதான், விடுங்கோவன்," என்றாள். அவர்கள் விடவில்லை.

செத்தல், மல்லி, சீரகம், பெட்டி கொண்டுவந்தவரின் பயணத்தில் ஒரு பங்கு என்று அண்ணை கணக்குப் போட்டார். நானூற்றி எண்பது குரோனர். துப்புரவுச் சம்பளத்தில் நாலு தரம் நூறு நூறாகக் கொடுத்தேன். அதற்குள் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, முழுச் சுகம். பிறந்த செய்தி கேட்டு வந்த அண்ணை, பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு பவுண் மோதிரம் போட்டார். படியிறங்கும்போது என்னிடம் மிச்சத்தை நினைவுபடுத்தினார்: எண்பது குரோனர்.