பேர்த்துக்குப் போன பக்கத்து வீடு

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வரிசை வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான், கணவர், கைக்குழந்தை. பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலக் குடும்பம். வீடு பெரியவர் ஒருவருடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவருடைய மகளும், குழாய் வேலை செய்யும் மருமகனும், பேரப்பிள்ளைகள் இருவரும் அவரோடு இருந்தார்கள். அந்த மகளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள்.

அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு நினைக்கும்போது அவர்களுடைய பேச்சு எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது. பெரியவர் என்னை "லவ்" என்று கூப்பிடுவார். அது என் காதில் "பிள்ளை" என்றுதான் விழும். ஆகையால் கேட்டபடியே எழுதுகிறேன்.

வந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை அவள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னைப் பின்னேரம் டீக்கு வரச்சொன்னாள். தேநீர்தானே என்று நான் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கே போனால் மேசையில் தட்டு, கத்தி, முள்ளுக்கரண்டி, நடுவில் ஆவி பறக்கச் சொசேஜ். இந்த ஊரில் பல வீடுகளில் பின்னேரச் சாப்பாட்டுக்கே 'டீ' என்றுதான் பெயர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு வெள்ளிக்கிழமை, நான் மச்சம் மாமிசம் தொடமாட்டேன். கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், எழும்பிப் போய் பீன்ஸ் அடைத்த தகர ரின் ஒன்றை உடைத்துச் சூடாக்கி, பாண் துண்டுகளை ரோஸ்ட்டாக வாட்டிக்கொண்டு வந்து வைத்தாள். பெரியவர் ஒன்றும் நடக்காதது போலத் தன் சொசேஜை வெட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வெட்கத்தில் நான் வெளியே தலைகாட்டவில்லை. அவளே வந்து கதவைத் தட்டினாள்.

"பிழை என்னிலைதான். டீ எண்டால் என்ன எண்டு நான் சொல்லியிருக்கவேணும்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டாள். "'யூ ஆல்றைற்?' எண்டு ஆரும் கேட்டால் உன்ரை தடிமன் காய்ச்சலைச் சொல்லத் தொடங்கிப்போடாதை. நீயும் அதையே திருப்பிக் கேட்டிட்டு நடையைக் கட்டு." கிளினிக்கில் என்ன கேட்பார்கள், நகரசபைக் கவுன்சிலுக்குப் போனால் எந்த வரிசையில் நிற்பது, மழைக்குக் குழந்தையின் வண்டிலை எப்படி மூடுவது என்று ஒன்றையும் விடவில்லை. என் கணவருக்கு ஷிப்ட் வேலை. பகலெல்லாம் நானும் குழந்தையும் நாலு சுவருக்குள் இருந்து பைத்தியம் பிடிக்காமல் தப்பியது அவளால்தான்.

அவள்தான் ஒரு நாள் வந்து, தாங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அவளுடைய கணவரின் தமையன் ஏற்கெனவே பேர்த்தில் இருந்தார். குழாய் வேலை தெரிந்தவர்களுக்கு அங்கே நல்ல கிராக்கி இருக்கிறதாம், வருடம் முழுக்க வெயிலாம், கடற்கரை பக்கத்திலாம். சொல்லும்போதே அவளுடைய முகம் வெளித்துக்கொண்டு போனது. நான் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனபின் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

பெரியவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "இந்த வயசிலை எனக்கென்னத்துக்கு வெயில்?" என்றார். அவர்கள் கிளம்பிய அடுத்த கிழமையே வீட்டுத் தொலைபேசியையும் கழற்றச் சொல்லிவிட்டார். "இனி எனக்கு ஆர் எடுக்கப்போகினம்?" என்பது அவருடைய நியாயம். மகளுக்குக் கோபம் வந்தது. ஆனால் தகப்பனோடு வாதாடி வெல்ல ஏலாது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் எடுப்பதென்றும், பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்து கதைப்பதென்றும் முடிவானது.

ஞாயிறு காலையில் அவர் முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டி, பேப்பரும் கையுமாக வருவார். நான் தேநீர் கொடுப்பேன். இங்கே எங்களுக்குக் காலை, அங்கே அவளுக்குப் பொழுதுபடுகிற நேரம். மணி அடித்ததும் எழும்பி நின்றுதான் கதைப்பார்.

"வெயிலோ? சரி. பிள்ளையள் சுகமோ? சரி. நான் நல்லா இருக்கிறன். இந்தா, பிள்ளையோடை கதை."

அவ்வளவுதான். பிறகு நானும் அவளும் கதைப்போம். அவர் சோபாவில் இருந்து பேப்பர் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதல் மாதங்களில் அவளுக்கு எல்லாமே அதிசயம். மாடிப்படியே இல்லாத வீடு, பின்வளவில் காய்த்துத் தொங்கும் எலுமிச்சை, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடலுக்கு ஓடும் பிள்ளைகள். போகப்போகக் கதை குறைந்தது. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் இருக்கிறார்கள் என்றாள்.

அந்த நேரத்தில்தான் என் தம்பி ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். எப்படியெப்படியோ, எந்தெந்த நாடுகளுக்குள்ளாலோ வந்திருந்தான். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. அவன் முன்னறையில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தான். கணவர் ஷிப்ட் முடிந்து எந்த நேரம் வந்தாலும் அவனைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். காலடிச் சத்தம் கேட்டாலே திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்துவிடுவான். வழியில் பட்ட பயம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முந்திய ஒரு ஞாயிறு. பெரியவர் தன் பங்கைக் கதைத்துவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தார். தம்பி மூலையில் படுக்கையை மடித்துக்கொண்டிருந்தான். நான் "ஹலோ" என்றதும் மறுபக்கத்தில் விம்மல் கேட்டது.

மகனின் பள்ளிக்கூடத்தில் வருட முடிவுக் கொண்டாட்டமாம். பெற்றோர் எல்லாரையும் 'ஒரு பிளேட் கொண்டுவாருங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தட்டுத் தட்டுப்பாடாக்கும் என்று இவள் தன்னுடைய நல்ல பீங்கான் தட்டு ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே மற்ற எல்லாருடைய தட்டிலும் சாப்பாடு இருந்திருக்கிறது. பிளேட் கொண்டுவருவதென்றால் அந்த ஊரில் ஒரு தட்டு நிறையச் சாப்பாடு கொண்டுவருவது என்றுதான் அர்த்தமாம். ஒருத்தி இவளுடைய தட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். மகனை ஏற்கெனவே வகுப்பில் 'பொம்' என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணுகிறார்களாம். இங்கிலாந்திலிருந்து வந்தவர்களை அங்கே கேலியாகச் சொல்கிற பெயர் அது. மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம்.

"உனக்காவது அது வேறை பாஷை" என்றாள். "எனக்கு என்ரை பாஷையிலையே விளங்கேல்லை. எனக்கு ஏலாது. நான் திரும்பி வரப்போறன். அப்பா தனிய இருக்கிறார், பாக்க ஆளில்லை எண்டு இவரிட்டைச் சொல்லப்போறன். அதுக்கு அவர் மாட்டன் எண்டு சொல்லமாட்டார்."

பெரியவர் பேப்பருக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "கட்லட் எப்பிடிச் செய்யிறது எண்டு கேக்கிறா."

"நான் எப்ப கட்லட் கேட்டனான்?" என்றாள் அவள், அழுகைக்கு நடுவில்.

"உருளைக்கிழங்கு அவிச்சு எடுத்தியோ?" என்றேன் நான். வேறு என்ன சொல்வது?

பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பி வந்தார். "கட்லட்டுக்கு ஆரும் இவ்வளவு நேரம் அழமாட்டினம். தா இஞ்சை." ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி, மகள் சொன்னதைக் கேட்டார்.

"வரப்போறியோ? இஞ்சை இடமில்லை. உன்ரை அறையை வாடகைக்கு விட்டிட்டன்... ஓம், விட்டிட்டன். ஒரு பெடியனுக்கு... நல்ல பெடியன்தான்... இல்லை, எழுப்ப ஏலாது. நான் சொல் குடுத்திட்டன்... நான் தனிய இல்லை எண்டுதானே சொல்லுறன்."

மறுபடி என்னிடம் நீட்டினார்.

"அப்பா ஆருக்கு அறையைக் குடுத்தவர்?" அவள் அழுகையை மறந்து கேட்டாள். "எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் மூலையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த என் தம்பியை முகவாயால் காட்டினார்.

"என்ரை தம்பிக்கு" என்றேன்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். ஆனால் இது விளங்கவில்லை.

நான் ரிசீவரை வைத்ததும் பெரியவர் சொன்னார்: "பின்னேரம் பெட்டியோடை வரச்சொல்லு. நான் பொய் சொல்லுறதில்லை."

தேநீரைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் குசினி யன்னலால் பார்த்தேன். தன் பின்வளவில், அந்தக் குளிரில், கோட்டுக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தார். மகள் வந்தால் போதும் என்று அந்த மனிதர் எத்தனை ஞாயிறு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார் என்பது எனக்குத் தெரியும்.

தம்பி அன்று பின்னேரமே போனான். பூப்போட்ட திரையும் நல்ல மெத்தையும் உள்ள அறை. மறுநாள் பத்து மணியாகியும் அவன் வெளியே வரவில்லை என்று பயந்து போய்க் கேட்டேன். "படுக்க விடு" என்றார் பெரியவர். "கதவை உள்ளுக்கை பூட்டிக்கொண்டு படுக்கிறான். நித்திரை கொள்ளட்டும்." ஊரை விட்டு வெளிக்கிட்டதற்குப் பிறகு அவன் அன்றைக்குத்தான் திடுக்கிட்டு எழும்பாமல் தூங்கினான்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் எடுக்கவில்லை. அதற்கும் அடுத்த ஞாயிறு எடுத்தபோது குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது, அழுகை இல்லை.

"சரி, அந்தக் கட்லட்டை ஒழுங்காச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். ரின்மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிப்பது. எங்கள் வீட்டில் அவள் விரும்பிச் சாப்பிட்டதுதான். "செய்துகொண்டு, உன்னைப் பாத்துச் சிரிச்சவளின்ரை வீட்டுக்குப் போ" என்றேன். "போய்க் கதவைத் தட்டு. நீ எனக்குத் தட்டினனி தானே."

போயிருக்கிறாள். கதவைத் திறந்தவள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, இது இங்கிலாந்துச் சாப்பாடா என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அவளுடைய மகள் நீச்சல் குழுவில் சேரும்வரை வீட்டில் சண்டைதான். வெயிலில் நத்தார் கொண்டாடுவதைப் பற்றி என் சிநேகிதி ஒவ்வொரு வருடமும் முறைப்பாடு சொன்னாள். ஆனால் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை கிடைத்தது. பக்கத்து வீட்டு நாய் எப்போது குட்டி போட்டது, யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்றெல்லாம் சொல்லத் தொடங்கினாள். அடுத்தவர் வீட்டுக் கதை தெரியத் தொடங்கிவிட்டால் ஆள் ஊரோடு ஒட்டிவிட்டார் என்று அர்த்தம், அது என் அனுபவம். ஒரு ஞாயிறு பேரன் தொலைபேசிக்கு வந்தான். பெரியவர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இது ஆர்? இவன் கதைக்கிறது எனக்கு விளங்கேல்லை" என்றார். முகத்தில் பெருமையும் இருந்தது, கவலையும் இருந்தது.

தம்பி அந்த அறையில் பல வருடங்கள் இருந்தான். வேலை எடுத்தான், விசா பிரச்சினைகள் தீர்ந்தன. இருவரும் இரவுச் சாப்பாட்டைச் சேர்ந்தே சாப்பிட்டார்கள். ரின் பீன்ஸுக்குள் அவன் மிளகாய்த்தூள் போடப் பழக்கிவிட்டான், பிறகு பெரியவருக்கு அது இல்லாமல் இறங்காது. எங்கள் தகப்பனார் ஊரில் இறந்த செய்தி வந்தபோது அங்கே நடந்த போரால் எங்கள் இருவராலும் போக முடியவில்லை. பெரியவர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து எங்களுடன் பகல் முழுக்க இருந்தார்.

தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம், அவரைப் பேர்த்துக்கு ஏற்றி அனுப்பினோம். தம்பிதான் ஹீத்ரோவுக்குக் காரில் கொண்டுபோனான். மார்ச்சில் முகம் கறுத்துத் திரும்பி வந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ஈயும் இலையானும் கூடிப்போச்சு" என்றார் முதலில். பிறகு, "அங்கை அவளின்ரை வீட்டிலை ஒருத்தரும் முன்கதவாலை வாறேல்லை, பிள்ளை. எல்லாரும் பின்கதவாலை 'இருக்கிறியோ' எண்டு கேட்டுக்கொண்டு வருகினம். நான் அறையை விட்டது நல்லதுதான்" என்றார்.

அவர் இறந்தபோது நாங்கள் மோர்டனில் வீடு வாங்கிக் குடியேறியிருந்தோம். அவள் வந்து எங்களோடுதான் தங்கினாள். தேவாலயத்தில் குடும்பத்தவர்களின் வரிசையில் என் தம்பியைத் தன் பக்கத்தில் இருத்தினாள். அவன் என்னை விட அதிகம் அழுதான்.

திரும்பிப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் குசினியில் இருவரும் தனியே இருந்தோம். தகப்பனைப் பார்த்துக்கொண்டதற்கு அவள் எனக்கு நன்றி சொல்லத் தொடங்கினாள். அதே நேரத்தில் நான், தம்பிக்கு ஒரு கதவு கொடுத்ததற்கு அவளுக்கு நன்றி சொல்லத் தொடங்கினேன். இருவர் சொன்னதும் ஒருவருக்கும் கேட்கவில்லை.

"நீ சொல்லு" என்றாள்.

"இல்லை, நீ சொல்லு" என்றேன்.

இருவருமே சொல்லவில்லை. அவள் என் தோளில் கையைப் போட்டாள். பிறகு, நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோக என்ன வாங்கலாம் என்று கேட்டாள், நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனோம்.